எல்லோருக்கும் சூடான பால்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஊழியர்களுக்கு ஊக்கமூட்டுவது எப்படி என்று கேட்பவர்களிடம் நான் வழக்கமாகத் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நீங்கள் வேலையில் சேர்ந்த முதல் நாள் காலையில் உங்களுக்கு யார் ஊக்கமூட்டினார்கள்? ஒருவரும் இல்லை; ஆனாலும் குறித்த நேரத்துக்கு முன்பே போய் நின்றிருப்பீர்கள். அந்த ஆர்வம் பிறகு எங்கே தொலைந்தது என்று தேடுவதுதான் தலைமைப் பொறுப்பில் இருப்பவரின் முதல் வேலை என்பது என் நெடுநாளைய எண்ணம். மேடைப் பேச்சும் சுவரில் மாட்டிய வாசகங்களும் அந்தத் தேடலுக்குப் பெரிதாக உதவுவதில்லை.

அண்டார்க்டிகாவைக் கடக்கப் புறப்பட்ட எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் கதையை எங்கே பேசப் போனாலும் சொல்வது என் வழக்கம். முன்பே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1915ஆம் ஆண்டு அவருடைய கப்பல் உறைந்த கடலில் சிக்கி, நொறுங்கி, நவம்பர் மாதத்தில் மூழ்கிப்போயிற்று. அவரையும் சேர்த்து 28 பேருக்கு மிதக்கும் பனிப்பாளமே இருப்பிடமாயிற்று. சுமையைக் குறைப்பதற்காக ஆளுக்கு 2 பவுண்டு எடையுள்ள சொந்தப் பொருள்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவிட்ட ஷாக்கிள்டன், முதலில் தம்முடைய பொற்காசுகளையே பனியில் எறிந்தார். அப்படிப்பட்டவர், வானிலை ஆய்வாளரின் பாஞ்சோ என்னும் இசைக்கருவியை மட்டும், அது 12 பவுண்டு கனத்தபோதிலும், விட்டுவிடக் கூடாது என்றார். உணவைப் போலவே பாட்டும் தேவைப்படும் இரவுகள் வரப்போவதை அவர் அறிந்திருந்தார்.

அதைவிட என்னைக் கவர்வது பால் விஷயம். 1916இல், எல்லோரும் ஒரு தீவை அடைந்தபின், அங்கிருந்து உதவி தேடி ஐந்து பேருடன் ஒரு சிறு படகில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடலைக் கடந்தபோது, யாராவது ஒருவர் குளிரில் மிகவும் நடுங்குவதைக் கண்டால் ஷாக்கிள்டன் உடனே எல்லோருக்கும் சூடான பால் தரச் சொல்வாராம். எல்லோருக்கும் என்பதைக் கவனியுங்கள். தமக்காகத்தான் அடுப்பு மூட்டப்பட்டது என்பது நடுங்கியவருக்குத் தெரிந்தால், தம் நிலை மோசமாகிவிட்டது என்று அவர் மனம் உடைந்துவிடக்கூடும் அல்லவா? சோர்ந்தவரைப் பலர் முன்னிலையில் நிறுத்தி, உங்களுக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்கும் நம் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தீவில் காத்திருந்த மற்ற 22 பேரும் ஆகஸ்ட் 30 அன்று மீட்கப்பட்டார்கள். 28 பேரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் அதே பயணத்துக்காகக் கண்டத்தின் மறுபுறம் அனுப்பப்பட்ட குழுவில் மூவர் இறந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. பனியில் தம்மை எதிர்த்து நின்ற தச்சரைப் படகுப் பயணத்துக்குத் தம்முடனேயே அழைத்துச் சென்ற அதே தலைவர், அந்தப் படகைக் கடலைத் தாங்கும்படி செப்பனிட்டவர் அவர்தான் என்றபோதிலும், பின்னர் அவருக்குத் துருவப் பதக்கம் கிடைக்காமல் செய்தார். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஒருவரின் உழைப்பைப் பயன்படுத்திக்கொண்டு அவருக்குரிய பெயரைத் தராமல் விடுவதைப் போல ஆர்வத்தைக் கொல்வது வேறொன்றும் இல்லை. தயாரித்தவர் ஒருவராகவும் கையெழுத்திட்டவர் வேறொருவராகவும் இருக்கும் அறிக்கைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பணத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. 1971இல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர், புதிர்க் கட்டைகளை அடுக்கிய மாணவர்களில் ஒரு பிரிவினருக்குப் பணம் கொடுத்தார். பணம் நின்றபின், ஓய்வு நேரத்தில் அவர்களுக்கு அந்தப் புதிரின்மேல் இருந்த நாட்டம் குறைந்திருந்ததைக் கண்டார். இதைச் சாக்காக வைத்துச் சம்பளத்தைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மாணவர்கள் புதிரை வைத்துக் குடும்பம் நடத்தவில்லை. நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.