போர்ட்லண்ட் மேவரிக்ஸ்: ஐந்து கோடைக்காலமும் ஒரு மைதானமும்

அனைவருக்கும் வணக்கம். பேஸ்பால் நம்மில் பலர் நேரில் பார்த்திராத ஆட்டம். பரவாயில்லை. இன்றைக்கு நான் சொல்லப்போகும் கதைக்கு ஆட்டத்தின் விதிகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஊரில் எந்த அணி ஆடலாம், எந்த அணி ஆடக் கூடாது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அந்த ஒரு விதியைச் சுற்றித்தான் என் பேச்சு முழுக்க.

அமெரிக்காவின் வடமேற்கில் ஆரிகன் மாநிலம். அதன் பெரிய நகரம் போர்ட்லண்ட். அங்கே கூஸ் ஹாலோ என்று ஒரு பள்ளமான பகுதி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டேனர் என்ற ஓடை அந்த வழியாக ஓடியது. சீனாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் அதன் கரையில் காய்கறி பயிரிட்டு ஊருக்குள் கொண்டுபோய் விற்றார்கள். நகரம் வளர்ந்தபோது ஓடை மண்ணுக்கடியில் போய்விட்டது, தோட்டங்களும் போயின. 1893 முதல் மல்ட்னோமா அத்லெடிக் கிளப் அந்த இடத்தில் விளையாடத் தொடங்கி, 1926-ல் அங்கே ஒரு கான்கிரீட் ஸ்டேடியத்தைக் கட்டியது. பள்ளத்தில் கட்டியதால் இன்றும் தெருவில் நின்று பார்த்தால் ஆடுகளம் நம் காலுக்குக் கீழே இருக்கும். கால்பந்து, நாய்ப் பந்தயம், 1957-ல் எல்விஸ் பிரெஸ்லியின் கச்சேரி என்று அந்த இடம் பார்க்காதது கொஞ்சம்தான். 1966-ல் நகராட்சி அதை வாங்கி சிவிக் ஸ்டேடியம் என்று பெயர் வைத்தது.

போர்ட்லண்டின் பேஸ்பால் அணி பீவர்ஸ். பசிபிக் கோஸ்ட் லீகில் 1903 முதல் ஆடிவந்த பழைய அணி. 1956-ல் இந்த ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். ஆனால் கூட்டம் வருடா வருடம் குறைந்தது. 1972 பருவம் முடிந்ததும் அணியை ஸ்போகேன் நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பேஸ்பால் இனி இந்த ஊரில் எடுபடாது என்பதுதான் அன்றைய பேச்சு.

இங்கே அந்த ஆட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மேலே பெரிய லீக், அதற்குக் கீழே படிப்படியாகச் சின்ன லீகுகள். சின்ன ஊர் அணிகள் எல்லாம் பெரிய அணிகளுக்கு நாற்றங்கால். யாரை வளர்ப்பது, எப்போது பறித்து மேலே நடுவது என்பதைப் பெரிய அணி முடிவு செய்யும். சம்பளமும் அதுதான் கொடுக்கும். உள்ளூர் ரசிகன் ஓர் ஆட்டக்காரனை ஆசை ஆசையாகப் பார்க்கத் தொடங்குவான். ஜூலை மாதம் அந்த ஆட்டக்காரன் வேறு ஊருக்குப் போயிருப்பான். உங்கள் அணி ஜெயிக்கிறதா தோற்கிறதா என்பது மேலே இருப்பவர்களுக்குப் பெரிய விஷயமில்லை.

1973-ல் பிங் ரசல் என்ற நடிகர் இதை வேறு மாதிரி செய்ய வந்தார். போனான்சா என்ற தொலைக்காட்சித் தொடரில் துணை ஷெரீஃபாக நடித்தவர். நடிகர் கர்ட் ரசலின் அப்பா. நியூயார்க் யாங்கீஸ் அணி பயிற்சிக்கு வரும் ஃபுளோரிடா ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் அந்த ஆட்டக்காரர்களின் காலடியிலேயே கிடந்தவர். பின்னால் தானும் சின்ன லீகில் கொஞ்ச காலம் ஆடினார். நார்த்வெஸ்ட் லீகில் ஓர் இடத்தை வாங்கி, எந்தப் பெரிய அணியோடும் ஒட்டாமல் போர்ட்லண்ட் மேவரிக்ஸ் அணியைத் தொடங்கினார். அது கீழ்ப்படி லீக், கோடைக்காலத்தில் மட்டும் ஆடுவது. அப்படித் தனித்து நிற்கும் அணி என்ற வழக்கமே ஏறக்குறைய ஒழிந்துபோயிருந்த காலம்.

பெரிய அணி இல்லையென்றால் ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வருவார்கள்? யார் வேண்டுமானாலும் வந்து ஆடிக் காட்டலாம் என்று விளம்பரம் கொடுத்தார். நாடு முழுவதிலிருந்தும் வந்தார்கள். வேண்டாம் என்று ஒரு முறையாவது வெளியே அனுப்பப்பட்டவர்கள்தான் அவர்களில் பெரும்பாலானோர். சம்பளம் மாதம் சில நூறு டாலர், பயணம் பஸ்ஸில். முதல் ஆட்டத்திலேயே ஜீன் லான்தார்ன் என்ற பிட்சர், அதாவது பந்து வீசுபவர், எதிரணியில் ஒருவருக்கும் ஒரு ஹிட்கூட, அதாவது அடித்துவிட்டு ஓடிச் சேரும் ஓர் அடிகூட, கொடுக்கவில்லை.

மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர் கேட்சர். இடதுகைக்காரரைக் கேட்சராக வைக்கக் கூடாது என்பது பேஸ்பாலில் எழுதாத சட்டம். மேவரிக்ஸில் ஜிம் ஸ்வான்சன் இடதுகைக் கேட்சர். பிராங்க் பீட்டர்ஸ் என்ற மேனேஜர் ஒரு முறை இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் ஆட்டக்காரர்களை இடம் மாற்றி ஆடவைத்தார். அந்த ஆட்டத்தை ஜெயித்தும் விட்டார்கள். அலுவலகத்திலும் அதே துணிச்சல்தான். லேனி மாஸ் என்ற இளம்பெண் பொது மேலாளர் ஆனார். அவருக்குப் பிறகு ஜான் யோஷிவாரா. பெண்ணையோ ஆசிய வம்சாவளிக்காரரையோ அந்த நாற்காலியில் யாரும் கற்பனை செய்துகூடப் பார்க்காத நாட்கள் அவை.

அந்த அணியில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜிம் பௌட்டன். 1963-ல் யாங்கீஸுக்காக 21 ஆட்டங்களை வென்ற பிட்சர். தோள் வலு போனது. 1970-ல் ஆட்டக்காரர்களின் அறைக்குள் நடப்பதை அப்படியே புத்தகமாக எழுதினார். பேஸ்பால் உலகமே அவர்மேல் கோபப்பட்டது. அப்புறம் சில வருடம் தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி வாசித்தார். 1975-ல், 36 வயதில், மேவரிக்ஸில் வந்து சேர்ந்தார். சுழலாமல் தள்ளாடிக்கொண்டே போகும் நக்கிள்பால் மட்டும்தான் கையில் மிச்சம். 1977-ல் திரும்பவும் வந்து ஆடினார். 1978-ல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்காகப் பெரிய லீகில் ஒரு ஆட்டத்தை ஜெயித்தார். அந்த வாசலை அவருக்குத் திறந்துவிட்டதில் போர்ட்லண்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிட்சர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் இடத்துக்குப் புல்பென் என்று பெயர். மணிக்கணக்கில் சும்மா உட்கார வேண்டும். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு துப்பிக்கொண்டே இருப்பார்கள். ராப் நெல்சன் என்ற பிட்சருக்கு அது பிடிக்காது. சூயிங்கம்மை இழை இழையாகச் சீவி, புகையிலை மாதிரியே பையில் போட்டுக் கொடுத்தால் என்ன என்று பக்கத்தில் இருந்த பௌட்டனிடம் கேட்டார். பௌட்டன் பணம் போட்டார். 1980-ல் பிக் லீக் சூ என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. இன்றும் அமெரிக்கச் சிறுவர்கள் அந்தப் பைக்குள் கைவிட்டு எடுத்து வாயில் அடக்கிக்கொள்கிறார்கள்.

ஊர் என்ன செய்தது? திரும்பி வந்தது. ஒரு தொடரின் எல்லா ஆட்டங்களையும் ஜெயித்தால் அமெரிக்காவில் பெருக்கித் தள்ளிவிட்டார்கள் என்பார்கள். ஜோ கார்ஸா என்ற ஆட்டக்காரர் அந்த நாளில் ஒரு துடைப்பத்தைக் கொளுத்தி, தலைக்கு மேலே ஆட்டிக்காட்டுவார். ரசிகர்களும் வீட்டிலிருந்து துடைப்பத்தோடு வரத் தொடங்கினார்கள். 1977-ல் மேவரிக்ஸ் 44 ஆட்டங்களை ஜெயித்து 22-ல் தோற்றது. லீகிலேயே சிறந்த கணக்கு அதுதான். அந்த வகைச் சின்ன லீக் அதுவரை பார்க்காத கூட்டம் அந்தப் பருவத்தில் வந்தது. இறுதிப் போட்டியில் பெல்லிங்ஹாம் அணியிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். பட்டம் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அதே ஆகஸ்டில் இதே ஸ்டேடியத்தில்தான் பெலே தன் கடைசி அதிகாரபூர்வப் போட்டியை நியூயார்க் காஸ்மாஸுக்காக ஆடினார். பேஸ்பாலே எடுபடாது என்று சொன்ன இடத்தில் அந்த ஒரு கோடையில் எத்தனை ஆயிரம் பேர்!

சரி, இப்போது அந்த விதிக்கு வருகிறேன். கூட்டத்தைப் பார்த்ததும், மேவரிக்ஸின் லீகைவிட மேலே இருந்த பசிபிக் கோஸ்ட் லீகுக்குப் போர்ட்லண்ட் மறுபடி வேண்டியதாகிவிட்டது. கீழ்ப்படி லீக் ஆடும் ஊரை மேல்படியில் இருக்கும் லீக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு நஷ்ட ஈடு மட்டும் உண்டு. மற்றத் தொழிலில் இப்படிச் சந்தையைப் பங்கு போட்டால் வழக்கு வரும். ஆனால் ஏகபோகத்துக்கு எதிரான சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று 1922-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

லீக் தருவதாகச் சொன்னது 26,000 டாலர். ரசல் கேட்டது 2,06,000. சிரித்திருப்பார்கள். ரசல் விடவில்லை, விவகாரம் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நடுவர்களிடம் போனது. விட்டுவிட்டுப் போன ஊரில் ஐந்து வருடம் உழைத்து ரசிகர்களை உண்டாக்கியவர் ரசல்; அந்த ரசிகர்களையும் சேர்த்துத்தான் லீக் எடுத்துக்கொள்ளப் பார்த்தது. ரசல் கேட்ட தொகையை அப்படியே கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. சின்ன லீக் வரலாற்றில் ஓர் ஊருக்காக அவ்வளவு பணம் அதுவரை கைமாறியதில்லை. ஆனால் அணி போயிற்று. பணத்தை வாங்கிக்கொண்டாலும் மேவரிக்ஸ் ஆட இடமில்லை. இதை ரசலின் வெற்றி என்று சிலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

1978-ல் பீவர்ஸ் வந்தது. 1993 பருவத்தோடு ஊரை விட்டுப் போனது, இந்த முறை சால்ட் லேக் சிட்டிக்கு. 1995-ல் அந்த வெற்றிடத்தை நிரப்பியது யார் தெரியுமா? அதே கீழ்ப்படி நார்த்வெஸ்ட் லீக் அணி ஒன்று. 2001-ல் இன்னொரு பீவர்ஸ், 2010-ல் அதுவும் கிளம்பிற்று. 2011-ல் ஸ்டேடியத்தைக் கால்பந்துக்கென்றே மாற்றி அமைத்தார்கள். இப்போது பிராவிடன்ஸ் பார்க் என்ற பெயரில் டிம்பர்ஸ், தார்ன்ஸ் அணிகள் அங்கே ஆடுகின்றன. தொழில்முறை பேஸ்பாலுக்கு அங்கே இடமில்லை.

2021-ல் பெரிய லீக் தன் நாற்றங்கால் அணிகளை 120 ஆகக் குறைத்துக்கொண்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் தொடர்பை இழந்தன. அவற்றில் ஒன்று போர்ட்லண்டுக்குத் தெற்கே இருக்கும் கைசர். வெளியே தள்ளப்பட்டவர்கள் தங்கள் சொந்த மைதானத்தில், யாருக்கும் கட்டுப்படாத நாலு அணி லீக் ஒன்றைத் தாங்களே தொடங்கினார்கள். லீகுக்கு வைத்த பெயர் மேவரிக்ஸ். நாலு அணிகளில் ஒன்று போர்ட்லண்ட் மேவரிக்ஸ்.

நன்றி, வணக்கம்.