சான் ஜிமிஞானோவின் வெர்னாச்சா: ஊர்ப்பெயரைக் காத்த வெள்ளை ஒயின்
(உணவக மேலாண்மை மாணவர் விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, என்னை அழைத்துப் பெருமைப்படுத்திய கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, கப்பல் சமையற்கூடங்களில் காலமெல்லாம் கரண்டி பிடித்து இன்று முன்வரிசையில் வீற்றிருக்கும் என் ஆசான் அவர்களே, நாளைக்குப் பெரிய ஓட்டல்களில் பரிமாறப்போகும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பிரெஞ்சு ஒயின்களைப் பற்றி அருமையாகப் பேசிய பேராசிரியருக்கும், சால்வை போர்த்திய துறைத் தலைவருக்கும் நன்றி.

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், குன்றின்மேல் கற்கோபுரங்களோடு நிற்கும் சிற்றூர் சான் ஜிமிஞானோ. அதன் வெள்ளை ஒயின் வெர்னாச்சா. சாப்பாடு, பெயர் என இரண்டு செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

சாப்பாட்டில் தொடங்குகிறேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள் நம் பாட்டிமார். டஸ்கனி ரொட்டியிலோ உப்பே போடமாட்டார்கள். அதைக் காப்பாற்றுவது மேலே தடவுகிற பண்டம்தான்: கோழி ஈரலை வதக்கி, நெத்திலியும் கேப்பர் மொட்டும் சேர்த்து மசித்த பூச்சு, அல்லது செம்மறிப்பாலில் செய்த பெக்கோரினோ சீஸ். அந்த உப்பும் கொழுப்பும் நாக்கில் படிந்திருக்கும்போது, 10, 12 டிகிரியில் குளிர்ந்த வெர்னாச்சாவை ஒரு மிடறு குடித்தால் அதன் புளிப்பு எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிடும். இறங்கிய பிறகு, வாதுமைப் பருப்பைத் தோலோடு கடித்த மாதிரி மெல்லிய கசப்பு நிற்கும். நாக்கு அடுத்த வாய்க்குத் தயார்! மீனுக்கும் முயல் கறிக்கும் இதே கணக்குத்தான்.

இந்த இடத்தில் ஒரு போப்பாண்டவர் கதையைச் சொல்லியாக வேண்டும். நான்காம் மார்ட்டின், பிரெஞ்சுக்காரர், 1285-இல் மறைந்தவர். போல்சேனா ஏரி விலாங்கு மீன் என்றால் அவருக்கு உயிர். மீனை உயிரோடு வெர்னாச்சாவில் ஊறவைத்து, பிறகு சுட்டுத் தின்பாராம். அதை அளவுக்கு மீறித் தின்றுதான் இறந்தார் என்றுகூட ஊரில் பேச்சு. இத்தாலிய மகாகவி தாந்தே சும்மா விடுவாரா? தன் காவியத்தில், பெருந்தீனிக்காரர்கள் பட்டினி கிடந்து பாவம் கழிக்கும் மலையடுக்கில் அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அங்கே இருப்பவர்களுக்குக் கண் குழிந்து, எலும்போடு தோல் ஒட்டியிருக்கும். தலைக்குமேல் கனி தொங்கும், எட்டாது. அந்தக் கூட்டத்தில் ஒருவரைச் சுட்டிக்காட்டி, இவர் போல்சேனா விலாங்குக்கும் வெர்னாச்சாவுக்கும் நோன்பிருந்து கழுவுகிறார் என்கிறான் கவிஞரின் நண்பன். திருச்சபையின் தலைவர் ஐயா அவர்! அவரையே கவிழ்த்த கூட்டணி அது.

அந்த வெர்னாச்சா எந்த ஊருடையது? எங்களுடையதுதான் என்கிறது சான் ஜிமிஞானோ. சார்டினியாத் தீவில் ஒரு வெர்னாச்சா உண்டு, ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயின் ஜாடை. மார்க்கே பகுதியிலும் உண்டு, அது சிவப்பு, நுரைக்கும். அதனால்தான் பெயரைக் காப்பது பெரிய வேலை. 1966-இல் இத்தாலியில் முதன்முதலாக ஊர்ப்பெயர்ச் சட்டப் பாதுகாப்பு பெற்றது சான் ஜிமிஞானோவின் வெர்னாச்சாதான். 1993-இல் அதற்கும் மேற்பட்ட தரநிலை. திராட்சை அந்த ஊர் எல்லைக்குள் விளைந்திருக்க வேண்டும். அதில் 85 சதவீதமாவது வெர்னாச்சா என்ற திராட்சை வகையாக இருக்க வேண்டும். புட்டிக் கழுத்தில் எண்ணிட்ட அரசுப் பட்டை ஒட்டியிருக்கும். கிழிக்காமல் திறக்க முடியாது.

நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, பேருந்து நிலையத்தில் விற்கும் எந்தப் பெட்டியில் அப்படி ஒரு பட்டையைப் பார்த்தீர்கள்? எங்கோ கிண்டிய பால்கோவாவுக்கு அந்த ஊர்ப்பெயரை ஒட்டி விற்கிறார்கள், நாமும் வாங்குகிறோம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றால், ஊரில்லாப் பண்டத்தை எங்கே போடுவது? மாடு வளர்ப்பவர், பால் கறப்பவர், விறகடுப்பில் கிண்டுபவர் அத்தனை பேரின் கூலியும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

தலைவர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: இந்தக் கல்லூரி உணவகத்தின் மெனு அட்டையில் புவிசார் குறியீடு பெற்ற ஒவ்வொரு பண்டத்துக்கும் எதிரே ஊர்ப்பெயரையும் தயாரிப்பாளர் பெயரையும் அச்சிட வேண்டும். அதை இன்றைக்கே, இந்த மேடையிலேயே தீர்மானமாக நிறைவேற்றித் தாருங்கள். வணக்கம்.