வகுப்பறை பார்க்காத ஒன்றாம் வகுப்பு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கொரோனா ஊரடங்கைப் பற்றிப் பேச அழைத்தார்கள். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அதனால் சின்னப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தமிழ்நாட்டில் 2020 மார்ச் 17 அன்று பள்ளிகளை மூடினார்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளை 2021 ஜனவரியில் திறந்தார்கள். ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளோ 2021 நவம்பர் 1 அன்றுதான் திரும்பி வந்தார்கள். 19 மாதங்களுக்கு மேல்!

2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். பதிவேட்டில் பெயர் ஏறியது, அவ்வளவுதான். பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது அது இரண்டாம் வகுப்பு. பென்சில் பிடிக்கக் கை பழகவில்லை. ஒற்றைக் கொம்பு எது, இரட்டைக் கொம்பு எது என்று தெரியவில்லை. வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் அழுதார்கள்.

கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்ததே என்பீர்கள். நல்ல பாடங்கள்தான். ஆனால் பிள்ளை நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தொலைக்காட்சி எட்டிப் பார்க்காதே! வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோம். பல வீடுகளில் ஒரே போன்; அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி வந்ததும் பத்தாவது படிக்கும் அக்காவுக்குத்தான் முதலில். சின்னவன் அதற்குள் தூங்கியிருப்பான். பெற்றோரை எப்படிக் குறை சொல்வது? கூலி வேலை நின்றுபோன வீட்டில் அரிசி பருப்புதான் முதல் கவலை.

2021 அக்டோபரில் மரக்காணத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை நான் மனசாரப் பாராட்டுகிறேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பாடம் சொல்லிக் கொடுத்த தன்னார்வலர்களில் நிறையப் பேர் அதே தெருப் பெண்கள். ஒரு பிள்ளை வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். நேரே வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவார்கள். அந்த நெருக்கம் பள்ளியில் எங்களுக்குக் கிடைப்பதில்லை.

அப்புறம் 2022 ஜூனில், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக் கொடுக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பலன் இருந்தது. ஆனாலும் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து வந்துவிடவில்லை. 2020இல் சேர்ந்த அந்தக் குழந்தைகள் 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்தார்கள். அவர்களில் யாராவது வாசிக்கத் திணறினால், 'இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதையை வாசிக்கச் சொல்லுங்கள். தப்பாக வாசித்தால் உடனே குறுக்கிடாமல், அந்த வரியை முடிக்க விடுங்கள். பிறகு சேர்ந்து இன்னொரு முறை வாசியுங்கள். நன்றி, வணக்கம்.