73939133: வாலை வெட்டினாலும் முதன்மை எண்

வணக்கம் நேயர்களே. கணக்கு பத்தி ரேடியோவுல என்னத்த பேசுறதுன்னு ஹட்டன்லயும் பண்டாரவளையிலயும் கேக்குற ஆளுங்க யோசிப்பீங்க, பரவால்ல, பிள்ளைங்களோட கொப்பி ஒன்னு எடுத்து நான் சொல்ற நம்பர எழுதிக்கோங்க. ஏழு, மூணு, ஒன்பது, மூணு, ஒன்பது, ஒன்னு, மூணு, மூணு. 73939133.

இது முதன்மை எண், அதாவது ஒன்னாலயும் தன்னாலயும் மட்டுந்தான் மீதியில்லாம வகுபடும். அது பெரிய விஷயமில்ல, அப்படி எண்ணுங்க முடிவில்லாம இருக்கு. ஆனா இதுல கடைசி இலக்கத்த வெட்டுங்க, 7393913, அதுவும் முதன்மை எண். இன்னும் வெட்டுங்க 739391, அப்புறம் 73939, 7393, 739, 73, 7, எல்லாமே முதன்மை எண்தான். நம்ம மலையில கவ்வாத்து வெட்ட வெட்ட தேயிலை செத்துப்போகாம நிக்குதே, அந்த மாதிரி. இப்படிப்பட்ட எண்ணுங்க மொத்தமே 83தான், அதுல பெருசு இதுதான்.

ஏன் இதோட நின்னுச்சு? பின்னால இன்னொரு இலக்கம் சேத்துப்பாருங்க. இரட்டை இலக்கமோ அஞ்சோ சேக்க முடியாது, அது உடனே வகுபட்டுரும். மிச்சம் 1, 3, 7, 9. இப்ப நம்ம எண்ணோட இலக்கத்தையெல்லாம் கூட்டுங்க, 38 வரும், மூணால வகுத்தா மீதி 2. ஒன்னு சேத்தா 39, ஏழு சேத்தா 45, ரெண்டுமே மூணுக்குள்ள போயிருது, ஆக அந்த வழி அடைபட்டுச்சு. மூணையும் ஒன்பதையும் சேத்தா இந்த சோதனையில தப்பிச்சிரும், ஆனா வேற பெரிய எண்ணுங்களால வகுபட்டுருது, அத கையால கண்டுபிடிக்கிறது கொஞ்சம் கஷ்டம்.

எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, இந்த எண்ணுக்குள்ள ஒன்னு ஒரே ஒரு தடவதான் வருது பாருங்க. ஏழுல ஆரம்பிக்கும்போது மீதி 1, மூணும் ஒன்பதும் எத்தன சேத்தாலும் அந்த மீதி அசையாது, ஆனா ஒரு 1 இல்ல ஒரு 7 சேத்தா மீதி 2க்கு போயிரும், அதுக்கப்புறம் இன்னொரு 1க்கோ 7க்கோ எடமே இல்ல, கடைசி வரைக்கும் 3ம் 9ம்தான்.

ரெண்டுலயோ அஞ்சுலயோ ஆரம்பிச்சா அந்த ஒரு சான்ஸும் கெடையாது, மொதல்லயே மீதி 2. அதான் 23399339, 29399999, 59393339 மூணுலயும் மொத இலக்கத்துக்கு பின்னால 3ம் 9ம் தவிர வேற எதுவும் இல்ல. சாதாரண தரம் எழுதுற பிள்ளைங்களுக்கு ஒரு கேள்வி வைக்கிறேன். இதே ரகத்துல எட்டு இலக்கத்துல மிச்சமிருக்கிறது 37337999 ஒன்னுதான். அதுல மட்டும் மொத இலக்கத்துக்கு அப்புறம் ரெண்டு ஏழு எப்படி வந்துச்சு? மூணால வகுத்து மீதிய பாத்தா புடிச்சிருவீங்க.