என்ன கொழம்பு?

வணக்கம் மக்களே. திருத்துறைப்பூண்டி பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் டொக் டொக் என்று கேட்கிறதே, அது அம்மா உரலில் நண்டு இடிக்கிற சத்தம். முகத்தைக் காட்டாதே, கையை மட்டும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டது. அதனால் இன்றைக்கு அம்மாவின் கையைத்தான் பார்ப்பீர்கள்.

எங்கள் பக்கம் யாரை வழியில் பார்த்தாலும் முதல் கேள்வி, "சாப்ட்டாச்சா?" அடுத்த கேள்வி, "என்ன கொழம்பு?" பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரிடம் கேட்பார்கள், துபாயிலிருந்து பேசுகிற பிள்ளையிடமும் கேட்பார்கள். பாதி நேரம் அது பாசம்தான். மீதி நேரம் விசாரணை. சொல்கிற பதிலை வைத்து இன்றைக்கு வேலை கிடைத்ததா, வீட்டில் காசு புரள்கிறதா, நீ எந்தத் தெரு என்பதுவரை கணக்குப் போட்டுவிடுவார்கள். எந்தத் தெரு என்றால் என்ன அர்த்தம் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் டப்பாவில் சோறும் வயல் நண்டுத் தொக்கும் கொண்டு போயிருந்தேன். ஐப்பசி மாதம், வெளியே நல்ல மழை, வகுப்பறைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். மூடியைத் திறந்ததும் வாசனை பரவிவிட்டது. ஒரு டீச்சர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "இதையெல்லாம் இங்கே கொண்டு வராதே, வெளியே போய்ச் சாப்பிடு" என்றார். மழையில் எங்கே போவது? சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் நின்றுகொண்டு சாப்பிட்டேன். முழுசாகச் சாப்பிடவில்லை, பாதியைக் கொட்டிவிட்டேன். அம்மா வேலைக்குப் போகும் முன்னால், விடியற்காலையில் எழுந்து செய்து கொடுத்த தொக்கு அது. அதைக் கொட்டியதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

அன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை யார் கேட்டாலும் ஒரே பதில், சாம்பார். வீட்டில் நண்டு என்றாலும் சாம்பார், நத்தை என்றாலும் சாம்பார், வெறும் நீராகாரமும் சின்ன வெங்காயமும் என்றாலும் சாம்பார்.

சாம்பாரைப் பற்றித் தஞ்சாவூரில் ஒரு கதை சொல்வார்கள். 1670களில் இங்கே மராட்டியர் ஆட்சி தொடங்கியது. அந்த அரண்மனைக்கு விருந்துக்கு வந்த, மராட்டிய மன்னர் சிவாஜியின் மகன் சாம்பாஜிக்காகப் புளி ஊற்றிச் செய்த பருப்புக் குழம்புக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள் என்று கதை. கதைதான், சான்று கிடையாது. ஆனால் அதில் போடுகிற மிளகாய் போர்த்துக்கீசியர் காலத்தில் கடல் தாண்டி வந்தது என்பது கதை இல்லை. ஆக, எங்கேயோ இருந்து வந்து சேர்ந்ததைச் சொல்லி, எங்கள் வரப்பிலேயே பிறந்த நண்டை மறைத்திருக்கிறேன்.

சரி, நண்டுக்கு வருவோம். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கடைமடையில் இருக்கிற எங்களுக்கு வந்து சேர நாளாகும். வாய்க்காலில் புதுத் தண்ணீர் பாய்ந்ததும் வளையில் கிடந்த நண்டெல்லாம் வெளியே வரும். நண்டு வரப்பில் வளை போடும், வைத்த தண்ணீர் அது வழியாக அடுத்த வயலுக்கு ஓடிவிடும். அதனால் நிலம் வைத்திருப்பவருக்கு நண்டு எதிரி. அதைப் பிடித்துக்கொண்டு போனால் அவருக்கு நல்லதுதான்.

இந்த இடத்தில் எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, சொன்ன ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாயி சின்ன வயதில் பண்ணையில் நடவு நட்டது, கதிர் அறுத்தது. சாயங்காலம் களத்தை விட்டுக் கிளம்பும்போது பண்ணையை மேற்பார்வை பார்க்கிற காரியக்காரர் நின்று பெண்களின் மடியை உதறிக் காட்டச் சொல்வாராம். மடியில் ஒரு பிடி நெல் இருந்தால் திருட்டு. நண்டு இருந்தால் ஒன்றும் இல்லை, போ என்று விட்டுவிடுவாராம். "நெல்லுக்குக் கணக்கு இருந்துச்சு, நண்டுக்குக் கணக்கு இல்ல" என்று அப்பாயி சொல்லும்.

இந்த ஒரு வரியை நான் பல வருடமாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டு இருக்கிறேன். தஞ்சாவூரை நெற்களஞ்சியம் என்கிறோம். அந்தக் களஞ்சியத்தை நிரப்பியவர்கள் வீட்டில் நொய்க்கஞ்சிதான். நல்ல அரிசி பொங்கலுக்கு, கல்யாணத்துக்கு. மற்ற நாளில் கஞ்சிக்குத் துணை யாரும் கணக்கு வைக்காத நண்டு, நத்தை, வாய்க்கால் கெளுத்தி, அறுப்பு முடிந்த வயலில் எலி. கணக்கில் வராத மனிதர்கள் கணக்கில் வராததைச் சாப்பிட்டார்கள். அப்புறம் அந்தச் சாப்பாட்டுக்கே சாதி வந்துவிட்டது.

நண்டால் வந்த தாழ்வு இல்லை இது. அதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. கல்லூரியில் எங்கள் தமிழய்யா சிறுபாணாற்றுப்படை நடத்தும்போது ஓர் இடத்தில் நான் எழுதுவதை மறந்து உட்கார்ந்துவிட்டேன். மருத நிலத்து ஊரில் பாணர்களுக்கு விருந்து வைக்கிறார்கள். உலக்கையால் குற்றின வெள்ளை அரிசிச் சோறு, அதற்குத் தொட்டுக்கொள்ள நண்டுக் கலவை. அது நம் டெல்டா இல்லை, திண்டிவனம் பக்கத்து ஓய்மாநாடு. இருந்தாலும் வயல்காட்டு ஊர்தானே? உழவர் வீட்டுப் பெண் வாசலுக்கு வந்த விருந்தாளியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பெருமையாகப் பரிமாறியது நண்டு. என்னை மழையில் நிற்கவைத்த அதே நண்டு. அன்றைக்கு ராத்திரி விடுதியிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். அம்மாவுக்குப் பாட்டு புரிந்ததோ இல்லையோ, "பாத்தியா" என்று மட்டும் சொன்னது.

நெல்லுக்குக் கணக்கு கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் இந்த ஊரில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பற்றிப் பேச முடியாது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் கூலி நெல்லுக்காக நடந்த போராட்டங்கள் ஏராளம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேரை உயிரோடு எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலியைக் கூட்டிக் கேட்ட சங்கத்தில் இருந்ததுதான் அவர்கள் செய்தது. ஒவ்வொரு டிசம்பர் 25ஆம் தேதியும் அங்கே கூட்டம் கூடும், அப்பாயி இருந்தவரை போய்வரும். அன்றைக்கு வீட்டில் உலை வைத்தால், அரிசி களையும்போது அதன் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிடும்.

நல்லதும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். அம்மா இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, 1982இல் சத்துணவு வந்தது. ஒரே அண்டா, ஒரே வரிசை, ஒரே சோறு. சில வீட்டுப் பிள்ளைகளை உட்காரவிடாமல் வீட்டுக்குக் கூட்டிப் போனார்களாம். நாளாக நாளாக அவர்களும் வந்து உட்கார்ந்தார்களாம், பசி என்று வந்தால் யார்தான் எத்தனை நாள் தள்ளி நிற்க முடியும்? அம்மாவுக்குப் பிறந்த வீடு கூத்தாநல்லூர் பக்கம். நோன்பு மாதம் வந்தால் பள்ளிவாசல் முன்னால் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் தூக்குச்சட்டி வரிசை நிற்கும். பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் போட்டுக் குழைந்த கஞ்சி. ஊற்றுகிறவர் சட்டியைத்தான் பார்ப்பார், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கமாட்டார். நானும் லீவுக்குப் போனால் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். "என்ன கொழம்பு" என்று யாருமே கேட்காத இடம் எனக்கு அதுதான் தெரியும்.

இதோ, நண்டுச் சாறு கொதிக்கப் போகிறது. கிட்டே வந்து பாருங்கள். சேறு போக நாலைந்து தண்ணீரில் அலசி, மேல் ஓட்டைப் பிரித்து, உள்ளே இருக்கிற அழுக்கை எடுத்துவிட்டு, காலோடு சேர்த்து இடித்தது. தண்ணீர் விட்டுக் கரைத்து, இரண்டு தடவை வடிகட்ட வேண்டும், இல்லை என்றால் ஓடு தொண்டையில் குத்தும். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, சுண்டைக்காய் அளவு புளி. இனிமேல்தான் கவனம். கொதி வருகிற நேரத்தில் சாறெல்லாம் திரண்டு, முட்டை உடைத்து ஊற்றின மாதிரி மேலே மிதந்து வருகிறது பாருங்கள். இந்த நேரத்தில் கரண்டி போட்டுக் கலக்கினால் அம்மா கையிலேயே அடிக்கும். தானாக ஒன்று சேரட்டும். அப்புறம் தாளித்துக் கொட்டி, கொத்தமல்லி போட்டு இறக்குவதுதான். சளி, இருமல் என்றால் எங்கள் தெருவில் முதலில் வைப்பது இதுதான்.

முன்னால் மாதிரி நண்டு கிடைப்பதில்லை. வரப்போரம் குருணை மருந்து தூவுகிறார்கள், நண்டும் சாகிறது, நத்தையும் சாகிறது. மருந்து போட்ட வயலில் பிடிக்கவே அம்மா விடாது. இன்றைக்கு இந்த நண்டு, மருந்து அடிக்காமல் மாப்பிள்ளைச் சம்பா போட்டிருக்கிற ஒரு சித்தப்பா வயலில் பிடித்தது. காலையில் மூன்று மணி நேரம் குனிந்து தேடி இருபது நண்டு.

சென்னையில் ஒரு ஓட்டலில் போன மாதம் நண்டு ரசம் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. சின்னக் கண்ணாடிக் கோப்பையில் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்து மேசையில் ஒரு பெண் பிள்ளை அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டு இருந்தாள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. அந்தச் சைக்கிள் கொட்டகையில் நின்றவளுக்கு இப்படி ஒரு மேசை கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அம்மா கூப்பிடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரமாக நின்று என்ன கொழம்பு என்று கேட்கிறது, கேட்டிருக்குமே உங்களுக்கும். இருங்கள், பதில் சொல்லிவிட்டு வருகிறேன்.

நண்டுக்கா! வயல் நண்டு! கிண்ணம் எடுத்துட்டு வாங்க!