ஆட்டுக்கறிக்காக மட்டும் வாங்காதீர்கள்

மதுரை நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். சமையல் மேடையில் வைத்துச் சுடுகிற அதிகச் சூட்டு கிரில் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, வாங்கலாம், ஆனால் ஆட்டுக்கறிக்காக வாங்காதீர்கள். நம் ஊரில் கிரில் என்றதுமே மனசு கறிக்குத்தான் போகும், அதனால்தான் இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பெட்டியில் மேல்பக்கம் கம்பியோ பீங்கான் பலகையோ செக்கச்செவேலென்று பழுக்கும், அதன் அனல் கீழே தட்டில் இருப்பதன் மேல் நேராக இறங்கும். கேஸில் எரிகிற சிலவற்றை 800 டிகிரி என்றே சொல்லி விற்கிறார்கள், கேக் செய்கிற ஓவனோ பெரும்பாலும் 250 டிகிரியில் நின்றுவிடும். மீனோ கோழியோ, மேலே ஈரம் இருக்கும்வரை அந்தத் தோல் 100 டிகிரியைத் தாண்டாது, ஈரம் காய்ந்து 140 டிகிரியை ஒட்டிப் போன பிறகுதான் முறுகலும் சுட்ட வாசனையும் வரும். சூடு குறைவாக இருந்தால் மேலே காய்வதற்குள் உள்ளே இருக்கிற சாறும் வற்றிவிடுகிறது. இதில் சில நிமிடத்தில் மேலே முறுகிவிடும், உள்ளே பதம் கெடாது. இன்னொரு நல்லது, அனல் மேலிருந்து வருவதால் கொழுப்பு நெருப்பில் சொட்டுவதில்லை, கீழே தட்டில் இறங்கிவிடும், கரி அடுப்பில் எழும்புகிற அளவுக்குப் புகை வராது.

ஆட்டுக்கறி கதை வேறு. கறி வகையில், மெத்தென்ற, தடித்த மாட்டுக்கறித் துண்டுக்குத்தான் இந்தச் சூடு சரி. நம் வெள்ளாட்டுத் தொடைக்கறியில் சவ்வு அதிகம், அது இளக ஈரமும் நேரமும் வேண்டும். குக்கரில் வேகவைத்து, அப்புறம் சட்டியில் சுண்டவிட்டுச் சுக்கா செய்கிறோமே, அதற்குக் காரணமே இதுதான். வாங்கிய முதல் ஞாயிறு அரைக்கிலோ தொடைக்கறியை உள்ளே வைத்தேன், மேலே கருகிவிட்டது, உள்ளே கடிக்கவே முடியவில்லை. கடைசியில் அதைக் குக்கரில் போட்டுத்தான் காப்பாற்றினேன். ஆட்டில் இதற்குப் பொருந்துவது ஈரலும் சுவரொட்டியும், இரண்டும் சீக்கிரம் வேகிறவை.

மீன் சுட இந்த கிரில்லைப்போல ஒன்று கிடையாது. கண்மாய் வற்றி மீன் பிடிக்கிற நாட்களில் மேலூர்ப் பக்கமிருந்து ஜிலேபிக் கெண்டை வரும், முழு மீனைக் கீறி, துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்து, உப்பு, மஞ்சள், மிளகு, எலுமிச்சை, கொஞ்சம் கடலை எண்ணெய், அவ்வளவுதான். வழக்கம்போல மிளகாய்த்தூளை அப்பினால் அந்தச் சூட்டில் நொடியில் கருகி நெடி கிளம்பும், பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து இருமுவார்கள். தேங்காய் அரைத்த மசாலாவும் வேண்டாம். காரம் வேண்டுமென்றால் தனியாக வதக்கி, சுட்ட பிறகு மேலே தடவுங்கள். கோழியில் எலும்போடு இருக்கிற கால் துண்டை முதலில் முக்கால் பதம் வேகவைத்துவிட்டு அப்புறம் சுடுங்கள், நடுவில் 74 டிகிரி வந்தால் பயமில்லாமல் சாப்பிடலாம். கறி சாப்பிடாதவர்களுக்கும் சொல்கிறேன், இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் இருக்கிற வீட்டில் கத்தரிக்காய் சுட வழியில்லையே, இதில் தோல் கருகக் கருகச் சுட்டு உரித்துக் கொத்சு செய்து பாருங்கள்.

சரி, வீட்டு ஒயரிங்குக்கு வருகிறேன், எனக்கு நிஜமாகவே கவலை இதில்தான். கரன்ட்டில் ஓடுவது 2000 வாட் என்று வையுங்கள், 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு மேல் தாங்காது. பழைய வீட்டில் மிக்ஸிக்குப் போட்ட பாயிண்டில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து மாட்டினால், ஒயர் சூடேறி உருகும், தீப்பிடிக்கிற வாய்ப்பும் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு நாள் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்த பிறகுதான் நானே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தோடு தனி லைன் இழுத்தேன். கரன்ட் பில்லுக்குப் பயப்படாதீர்கள், அரைமணி நேரம் முழுச் சூட்டில் ஓடினால் ஒரு யூனிட்தான்.

கேஸில் எரிகிறதை மூடின சமையலறையில் கொளுத்தவே கூடாது. காற்று சரியாகப் போகாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை, தலை சுற்றும்போதுதான் தெரியும். மொட்டை மாடியோ திறந்த கொல்லையோ இருந்தால் மட்டும் அதை எண்ணுங்கள். கரன்ட் கிரில்லுக்கும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மேலே பரண் பலகையோ பக்கத்தில் எண்ணெய்த் தூக்கோ இருக்கக்கூடாது. கொழுப்புத் தட்டை அன்றன்றே கழுவிவிடுங்கள், நேற்றைய கொழுப்புதான் அடுத்த தடவை புகைந்து தீப்பற்றும். சித்திரை வெயிலில் பகலில் இதைப் போடுவதும் கஷ்டம், நான் இரவு எட்டு மணிக்கு மேல்தான் போடுகிறேன்.

எதிர்வீட்டு அக்கா போன வாரம் கடைக்குக் கிளம்பும்போது என்னையும் கூப்பிட்டார்கள். அவர்கள் வீட்டில் ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி, மீன் மாதம் ஒருமுறை, சமையலறையில் ஒரே ஒரு சின்ன பிளக். அக்கா, இப்போது வேண்டாம், அந்தக் காசில் முதலில் ஒரு பவர் லைன் இழுத்துவிடுங்கள் என்றேன். நேற்று எலக்ட்ரீஷியன் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.