ஜாமும் சாவியும்

(கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊர் மகளிர் மன்ற ஆண்டு விழாவில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் கூட்டியிருக்கிறேன், எதையும் குறைக்கவில்லை.)

மன்றத் தலைவி அவர்களே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, இந்த மழையிலும் கருங்கல்லிலிருந்து ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே வந்திருக்கும் வங்கி மேலாளர் அவர்களே, எங்கள் பங்குத்தந்தை அவர்களே, பகவதி கோவில் டிரஸ்டி அண்ணாச்சி அவர்களே! அச்சனும் அண்ணாச்சியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பதைப் பார்க்கக் கண் நிறைகிறது. மைக்செட்டைப் பாதி வாடகைக்குத் தந்த தம்பிக்கும் நன்றி. வார்டு உறுப்பினரை விட்டுவிட்டேன் என்று யாரோ சீட்டு நீட்டுகிறார்கள். வார்டு உறுப்பினர் அவர்களே, மன்னிக்கணும், உங்களை மறந்தால் எங்கள் தெருவிளக்கு எரியாது.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, ஒரு டி.வி. நாடகம். இரண்டு, பெண்கள் கூடியதன் வரலாறு. மூன்று, சிரிப்பினால் வரும் பயன்.

என் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். போன முறை அங்கே போயிருந்தபோது, “அம்மா, இதைப் பாருங்க, நம்ம மன்றம் மாதிரியே இருக்கு” என்று ஒரு பழைய நகைச்சுவைத் தொடரைப் போட்டுக் காட்டினாள். பெயர் ‘ஜாம் அண்ட் ஜெருசலேம்’. ஜெனிஃபர் சாண்டர்ஸ் என்ற நடிகை எழுதியது, பி.பி.சி.யில் 2006 முதல் 2009 வரை வந்தது. டெவன் என்ற நாட்டுப்புறத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே பெண்கள் சங்கம் ஒன்று. கதாநாயகியும் நர்ஸ்தான். டாக்டரான கணவர் முதல் கதையிலேயே இறந்துவிடுகிறார். ‘எனக்கு எதுக்குச் சங்கம்’ என்று அதுவரை ஒதுங்கி இருந்தவளைச் சங்கத்துப் பெண்கள் விடுவதில்லை. அழ வைக்கவும் இல்லை, உபதேசமும் இல்லை. வருகிறார்கள், உட்காருகிறார்கள், வம்பு பேசுகிறார்கள். நம்ம ஊரில் துக்க வீட்டுக்குக் கட்டன்சாயா போட்டு எடுத்துப்போகிறோமே, அதே வேலைதான். வில்லன் இல்லை. மாமியார் மருமகளுக்கு விஷம் வைப்பதில்லை. நம்ம சீரியல் எடுக்கிறவர்களுக்கு இப்படியும் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் தேவலை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே ‘விமன்ஸ் இன்ஸ்டிடியூட்’ என்கிற மாதர் சங்கம் என்றாலே ஜாம் காய்ச்சுவதும் ‘ஜெருசலேம்’ என்ற பாட்டைப் பாடுவதும்தான் என்று கேலி பேசுவார்கள். அந்தக் கேலியையே தலைப்பாக வைத்துவிட்டார் அந்த அம்மாள். கேலி செய்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்தச் சங்கம் 1897-இல் கனடாவில் தொடங்கியது. 1915-இல் வேல்ஸில் ஒரு கிராமத்துக்கு வந்து, அங்கிருந்து பிரிட்டன் முழுக்கப் பரவியது. இரண்டாம் உலகப்போரில் சர்க்கரைக்கு ரேஷன் இருந்தபோது, டன் கணக்கில் பழங்களை அழுக விடாமல் ஜாமாக்கி ஊரைக் காப்பாற்றியவர்கள் இந்தப் பெண்கள்தான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இந்தப் பழமொழியை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரருக்குக் குறை. நகரும்வரை சொல்லத்தானே வேணும்!

ஜாம் என்றதும் ஞாபகம் வருது. நாம காய்ச்சாத ஜாமா? வருக்கைச்சக்கையில், அதாவது பலாப்பழத்தில், சக்கைவரட்டி கிண்டுகிறோமே, அது வேறென்ன? நம்ம சுயஉதவிக் குழு தொடங்கின புதுசில், ஒரு கண்காட்சிக்குச் சக்கைவரட்டி செய்து கொடுப்பது என்று தீர்மானம் போட்டோம். தீர்மான நோட்டில் பதினைந்து பேரும் கையெழுத்து. உருளிப் பாத்திரம் வந்தாச்சு, கருப்பட்டி வந்தாச்சு, எட்டு சக்கை வந்தாச்சு. எங்கே வைத்துக் கிண்ட? முதல் வீட்டுத் திண்ணையில் அண்ணன்மார் சீட்டு விளையாட்டு, எழுந்திருக்க மாட்டார்கள். இரண்டாவது வீட்டில் மாமியார், “புகை எனக்கு ஆகாது” என்றார். மூன்றாவது வீட்டில் கல்யாண வெள்ளையடிப்பு. கடைசியில் என் வீட்டுத் தொழுவம். பசுவை அந்த ஓரத்தில் கட்டிவிட்டு, இந்த ஓரத்தில் அடுப்புக் கூட்டினோம்.

சக்கைவரட்டி தெரியுமில்லா, கையை எடுக்கக் கூடாது, எடுத்தால் அடிபிடிக்கும். பதினைந்து பேரும் முறைபோட்டு நாலு மணி நேரம் கிண்டினோம். அந்த நேரம் பார்த்து வங்கியிலிருந்து ஒரு அதிகாரி கணக்குப் பார்க்க வந்து நிற்கிறார். (இப்போது மேடையில் இருப்பவர் அல்ல, அவர் நிம்மதியாகச் சாயா குடிக்கலாம்.) “தீர்மான நோட்டு எங்கே?” என்றார். நான் செயலாளரைப் பார்க்கிறேன். செயலாளர் பொருளாளரைப் பார்க்கிறாள். பொருளாளர் பசுவைப் பார்க்கிறாள்.

“எக்கா, இந்தச் சவத்துப் பசு நோட்டைத் தின்னுட்டுல்லா!”

அட்டை மட்டும் வைக்கோலில் கிடந்தது. அன்றைய தீர்மானம், போன மாதத் தீர்மானம், கடன் கேட்ட தீர்மானம் எல்லாம் பசுவின் வயிற்றில். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: “சார், எங்க தீர்மானத்தை இந்த ஊரில் முழுசா உள்வாங்கினது இந்தப் பசு ஒண்ணுதான்.” மனுஷன் சிரித்துவிட்டார். இலையில் வரட்டி வைத்துக் கொடுத்தோம், சாப்பிட்டார். கடன் மட்டும் ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது. இந்தச் சிரிப்புக்கிடையில் கிண்டுகிறவள் கையை எடுத்துவிட்டாள். அடிபிடித்தும் போச்சு.

அந்த டெவன் பெண்களுக்கு இந்தக் கதி கிடையாது. ஏன்? அவர்களுக்கு ஊர் மண்டபம் இருக்கிறது. மழை வந்தாலும், புருஷன் கோபித்தாலும், மாமியாருக்குப் புகை ஆகாவிட்டாலும் போய் உட்கார நாற்காலியும் கதவும் உள்ள ஒரு இடம்.

நமக்கு இல்லையா? ஜங்ஷனில் வாசகசாலைக் கட்டடம் இருக்கிறதே! நாம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், 1945-இல் பி. என். பணிக்கர் என்பவர் 47 வாசகசாலைகளைக் கூட்டிக் கிரந்தசாலைச் சங்கம், அதாவது நூலகச் சங்கம், தொடங்கினார். அந்தக் காற்று இந்தப் பக்கமும் அடித்தது. நம்ம ஊர்ப் பெரியவர்கள் வீடுவீடாகப் பிடியரிசி பிரித்துக் கட்டிய கட்டடம் அது. 1956-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், கட்டடமும் கூடவே வந்தது. இன்றைக்கு உள்ளே என்ன இருக்கிறது? ஜன்னல் வழியாக நானே எட்டிப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் மூட்டை, பழைய டியூப்லைட், கால் உடைந்த பெஞ்சு. புத்தகம் ஒன்றுகூட இல்லை. பூட்டு மட்டும் புதுசு.

சாவி யாரிடம் என்று மூன்று வருஷமாகக் கேட்கிறேன். அந்த அலுவலகம் இந்த அலுவலகத்தைக் கை காட்டுகிறது. பேரூராட்சித் தலைவர் அவர்கள் நல்லவர், கேட்டால் தருவார், அதனால்தான் எல்லோர் முன்னாலும் மைக்கில் கேட்கிறேன். பகல் பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை எங்களுக்கு விடுங்கள். குழுக் கூட்டம் நடத்துவோம், பிள்ளைகளுக்குப் பேப்பர் போடுவோம், பின்பக்கம் உருளியும் வைப்போம். அடிமேல் அடி என்றேன். இது நாலாவது மனு.

தலைவி மணி அடிக்கிறார்கள். மூன்றாவது செய்திக்கு நேரமில்லை, அடுத்த வருஷம் சொல்கிறேன். மனு அதோ சாயா வைத்திருக்கும் மேஜைமேல் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டிப் போட்டிருக்கிறேன், யாரும் எடுத்துப் போகாதீர்கள். அச்சனும் அண்ணாச்சியும் முதலில் கையெழுத்துப் போட்டால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள். பசுவை வீட்டில்தான் கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.